எமிலியின் முதல் கேடயம்

எமிலி போய்விட்டார் என்ற செய்தி ஆம்பூர் ஷூ கம்பெனி அலுவலகத்துக்குப் போனில் வந்தது. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பேசியது அவருடைய அக்கா மகள், வேலூரில் நர்ஸாக இருப்பவள். "ஆன்ட்டி, சித்தி காலைல போய்ட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாங்க" என்றாள். ஏன் எனக்கு முதலில் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் எமிலியைப் பார்த்து அழுத உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை நீங்கள் அம்மா வேடத்தில் அறிவீர்கள். நான் அறிந்த எமிலி எங்கள் கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் காலை முதல் மாலை வரை மெஷினில் குனிந்து ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு ஒரு நாடகக் குழு உண்டு. நடத்தியவர் மேனேஜர் ராஜமாணிக்கம். நான் குழுவின் கடிதங்களை டைப் அடிப்பேன். நாடகத்தன்று ஓரத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பேன். எமிலிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு வருடம் சென்னையில் தொழிற்சாலைக் குழுக்களுக்கான நாடகப் போட்டி நடந்தது. கணவனை இழந்த பீடித் தொழிலாளியாக எமிலி நடித்தார். முன்வரிசையிலிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சிறந்த நடிகை எமிலி. நேரில் வந்து கேடயம் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை என் கையால்தான் மேனேஜரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "பதில் அடிம்மா. எமிலிக்கு உடம்பு சரியில்ல, அவங்க சார்பா எங்க வீட்டுப் பொண்ணு வந்து வாங்கிக்கும்னு போடு." அவருடைய மச்சினிக்கு சினிமாவில் சேர ஆசை என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். எமிலி அன்றும் கீழே மெஷினில்தான் இருந்தார், நல்ல உடம்போடு. எனக்கு அந்த டைப்பிஸ்ட் வேலையை வாங்கித் தந்தவர் மேனேஜர். நான் டைப் அடித்தேன்.

விழா முடிந்த அடுத்த வாரம், பத்திரிகையில் படம் வந்தது. கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருப்பது மச்சினி. கீழே சிறந்த நடிகை என்று அவள் பெயரே அச்சாகியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவுப் பெண்கள் அதைக் கொண்டுவந்து காட்ட, எமிலி கையைக்கூடக் கழுவாமல் மேனேஜர் அறைக்கு வந்தார். நான் உள்ளேதான் இருந்தேன்.

"சார், என் ஷீல்டு எங்க?"

"இன்னா உன் ஷீல்டு? குழுவுக்குக் கொடுத்தது. குழு கம்பெனிது. மெஷின்ல குனிஞ்சி தைக்கிறவ ஷீல்ட வச்சி இன்னா பண்ணப்போற?"

எமிலி என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரில் தாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் இறங்கிப் போனார்.

திருட்டு அதிக நாள் மறைந்திருக்கவில்லை. போட்டியின் நடுவர்களில் ஒரு திரைப்பட இயக்குநர் இருந்தார். விழாவுக்கு அவர் போகவில்லை. பத்திரிகையில் படத்தைப் பார்த்து, தான் மார்க் போட்டது இந்தப் பெண்ணுக்கு இல்லையே என்று ரயில் ஏறி ஆம்பூருக்கே வந்துவிட்டார். ஷிப்டு விடும் நேரம், கேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. கூட்டத்தில் வந்த எமிலியைக் கைகாட்டினேன். "கொடுத்த பரிசை மாத்த முடியாதும்மா. என் படத்துல வேஷம் தர முடியும்" என்றார் அவர்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா, அண்ணி, விடுதி வார்டன், பைத்தியக்காரி. சிறந்த துணை நடிகை என்று மாநில விருது, ரசிகர் சங்கங்களின் வெள்ளிக் கோப்பைகள், பட்டங்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு விழாவுக்கும் எமிலி ராஜமாணிக்கத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவார், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. முதல் வரிசையில் அவர் பெயருக்கு ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கும். "வர மாட்டாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் நான் ஜெயிச்சேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறாரு பாரு, அது போதும்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் எமிலிக்கு உடம்பு கெட்டது. வேலூரில் சிகிச்சைக்கு வசதியாகப் பக்கத்துப் பாகாயத்தில் வீடு எடுத்துத் தங்கினார். அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சிப் பேட்டி. ஞாயிற்றுக்கிழமை மாலை, பெட்டி இருந்த வீடுகளிலெல்லாம் தெருவே கூடியிருந்தது. நீங்கள் வாங்கிய முதல் விருது எது என்று கேட்டார்கள். எமிலி நிதானமாகச் சொன்னார்:

"அது எங்கிட்ட இல்லைங்க. ஆம்பூர்ல மேனேஜர் ராஜமாணிக்கம் சார் வீட்டு ஷோகேஸ்ல இருக்குது. பாக்கணும்னு ஆசப்படறவங்க அங்க போய்க் கேட்டா காட்டுவாரு."

மறுநாளே போனார்கள். முதலில் தையல் பிரிவுப் பெண்கள், இருபது பேருக்கு மேல். "சார், எமிலியக்கா ஷீல்ட ஒரு தடவ பாத்துட்டுப் போறோம்." பிறகு அதே தெருவில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய். பிறகு விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு விவசாயக் குடும்பம், கைக்குழந்தையோடு. அருகில் போய்ப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பித்தளைத் தகட்டில் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் அரத்தால் உரசப்பட்டுப் பளபளவென்று இருந்தது. ஒரு வாரத்தில் ஊருக்கே அது தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்று மரியாதையோடு உலாவிக்கொண்டிருந்த மனிதர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினார்.

பத்தாம் நாள் அவர் துணிப்பையோடு பாகாயத்துக்கு வந்தார். நானும் சபைப் போதகரும் அங்கே இருந்தோம். பையிலிருந்து கேடயத்தை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கம்மா. பேஜாரா இருக்குது. வீட்ல மனுஷன் இருக்க முடியல."

எமிலி கையை நீட்டவில்லை. "உங்க வூட்லயே இருக்கட்டும் சார். இன்னும் யாராவது பாக்க வருவாங்க. காபி குடுத்து அனுப்புங்க."

அவர் போன பிறகு போதகர் மெதுவாக, "மன்னிச்சிட்டா மனசுக்கு லேசா இருக்கும்மா" என்றார். "மன்னிக்கறது ஆண்டவர் வேல, அவரு பாத்துக்குவாரு. நடந்தத சொல்றது என் வேல போதகரய்யா" என்றார் எமிலி.

போதகரும் கிளம்பிய பின் எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "எமிலி, அந்த லெட்டர டைப் அடிச்சது நான்தான்."

"தெரியும். போட்டி நடத்துனவங்ககிட்ட வாங்கியாந்து டைரக்டர் காட்டுனாரு. டைப் அடிச்சவங்க பேரு போடற எடத்துல, கீழ மூலைல, உன் பேரோட ரெண்டு எழுத்து இருந்துச்சே."

"தெரிஞ்சுமா இத்தினி வருஷம் எங்கூட உக்காந்து சாப்ட்ட?"

"நீ எப்ப சொல்றன்னு பாத்துட்டு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் அழுகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் போனப்புறம் அந்த ஆளு வந்து மைக்கப் புடிப்பாரு. அப்ப நீ சும்மா இருக்கக் கூடாது. எனக்கு நீ பண்ண வேண்டியது அது ஒண்ணுதான்."

போன வாரம் ஆம்பூர் மன்றத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. எமிலி சொன்னபடியே ராஜமாணிக்கம் எழுந்தார். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. "எமிலியை மேடை ஏத்தினவன் நான். அவங்க முதல் பரிசு வாங்கின நாள் என் மனசுல..." என்று தொடங்கினார்.

நான் எழுந்தேன். "சார், அந்த மொதல் பரிச மேடையில போய் வாங்குனது யாரு?"

"அம்மா, இது இரங்கல் கூட்டம்."

"அதனாலதான் கேக்கறேன். பொய் லெட்டர் டைப் அடிச்சவ நான். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். நீங்க சொல்லுங்க, யாரு வாங்குனாங்க?"

பின்னாலிருந்து தையல் பிரிவுப் பெண்கள், "சொல்லுங்க சார்" என்றார்கள். யாரும் கத்தவில்லை. அவர் கூட்டத்தின் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்தார். "என் மச்சினி" என்றார் கடைசியில். மைக் அதை மன்றத்தின் கடைசி பெஞ்சு வரை கொண்டுபோனது. இறங்கிப் போகும்போது வழிவிட்டார்கள். ஒருவரும் அவரோடு பேசவில்லை.

பெரியவரை அந்த இடத்தில் அப்படிக் கேட்டிருக்கலாமா என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. எமிலியின் கோப்பைகளும் பட்டங்களும் அவர் அக்கா மகளிடம் பத்திரமாக இருக்கின்றன. நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அது என்னிடம் சூடு ஆறாமல் இருக்கிறது. எமிலியைப் பற்றி ராஜமாணிக்கம் இனி எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும், அந்தக் கூட்டத்தில் நானும் இருப்பேன்.