சிரிச்சா இடிக்குதா?

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சின்ன முகமூடியின் ஓரத்தைத் தேய்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் அம்மா அந்த முகமூடியை வைத்தாள். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் திறப்புகள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"இன்ஜினியரே, சும்மாதானே உக்காந்திருக்கே. இந்த ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேயி. குழந்தை போடறது. கீறக் கூடாது."

"எந்தக் குழந்தைம்மா?"

"தேயி, சொல்றேன்."

தேய்த்தேன். நான் வேலை பார்ப்பது பிளாஸ்டிக் வார்ப்புகள் செய்யும் தொழிற்சாலையில். அங்கே ஓரத்தை இயந்திரம் சீவும், கருவி அளக்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் என் கையிலிருந்து வாங்கி, ஓரத்தைத் தன் மேலுதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். காய்த்துப் போன விரல் பொய் சொல்லுமாம். உதடு சொல்லாதாம்.

"இன்னும்," என்றாள். பிறகு, "இது யார் மூஞ்சின்னு தெரியுதா?"

தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. தெரியவில்லை.

"உன்னோடதுதான்டா. உனக்கு நாலு வயசு. அப்பதான் நான் வேலை கத்துக்கிட்டிருந்தேன். அச்சு எடுத்துப் பழக ஒருத்தரும் மூஞ்சியக் குடுக்கல. நீதான் இளிச்சவாயன், அகப்பட்டே. மாவு காயற வரைக்கும் சிரிக்காதேன்னேன். சிரிப்ப அடக்கிக் கன்னத்தை உப்பிட்டே."

"அந்த அச்சு இன்னும் இருக்கா?"

"பீரோ மேல ராஜா மாதிரி உக்காந்திருக்கு. உனக்குக் கண்ணு எப்பவும் கம்ப்யூட்டர்லதானே."

அம்மா ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தாள். வெந்த காயம் ஆறும்போது தழும்பு சும்மா இருப்பதில்லை. சிவந்து, தடித்து, மேடாக வளரும். பக்கத்துத் தோலைத் தன் பக்கம் இழுக்கும். அதை இடைவிடாமல் அழுத்தி வைத்தால் மெதுவாக அடங்கும். முகத்தில் கட்டுப் போட்டு அழுத்த முடியாது. அதனால் முகமூடி. நோயாளியின் முகத்தில் மாவுக்கட்டுத் துணியை ஒட்டி அச்சு எடுப்பாள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் வெள்ளையாக ஒரு முகம் வரும். தழும்பு இருக்கும் இடத்தில் மட்டும் அந்த மாவு முகத்தைக் கொஞ்சம் சுரண்டுவாள். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் படியவைத்தால், சுரண்டிய இடத்தில் முகமூடி உள்வாங்கியிருக்கும். போட்டுக்கொண்டால் அங்கே அழுத்தும். சரியாக அழுத்தினால் சிவந்த தழும்பு வெளுக்கும். தெளிந்த பிளாஸ்டிக் என்பதால் வெளியிலிருந்தே பார்க்கலாம். குளிக்கவும் சாப்பிடவும் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில்.

யார் வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவாள். "நான் அழிக்க மாட்டேன். அடக்கித் தருவேன். ஒரு முழத் தூரத்துல நின்னா யாருக்கும் தெரியாது. அதுக்கும் கிட்ட வர்றவங்களுக்குத் தெரிஞ்சா என்ன?"

அவளுடைய அறை துணிக் கிடங்குக்குப் பக்கத்தில். அலமாரி முழுக்க வெள்ளை முகங்கள், கண் மூடியபடி. கூட்டுகிற ஆயா பயந்துகொண்டு வாசலில் நின்றே துடைப்பத்தை நீட்டி நீட்டிக் கூட்டுவாராம். "அவங்க கடிக்க மாட்டாங்க, வாங்க" என்று அம்மா கூப்பிடுவாளாம். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். பள்ளி விட்டதும் நான் அந்த அறைக்குத்தான் போவேன். வீட்டுப்பாடத்தை அந்த முகங்களுக்கு நடுவில்தான் எழுதினேன். எனக்குப் பயமாக இருந்ததில்லை. யார் கடைசி பெஞ்சு முகம், யார் வகுப்புத் தலைவர் முகம் என்று அம்மாவும் நானும் பிரித்துவைத்திருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பஸ் கண்டக்டருக்கு முகமூடி செய்தாள். படுக்கவைத்து அச்சு எடுத்தாள், சுரண்டினாள், மாட்டினாள். தழும்பு அழகாக வெளுத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த தடவை அவர் வந்தபோது கன்னத்து எலும்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"வலிக்கலையா? ஏன் முன்னாடியே வரல?"

"வலிச்சுது. வலிச்சாத்தானேம்மா வேலை செய்யும்னு இருந்துட்டேன்."

அம்மாவுக்கு விளங்க ஒரு நாள் ஆயிற்று. அவர் வாயாடி. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் கிண்டல் செய்துவிட்டுத்தான் டிக்கெட் கொடுப்பார். சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறி முகமூடி ஓரத்தில் இடிக்கும். நாளெல்லாம் சிரித்திருக்கிறார், நாளெல்லாம் இடித்திருக்கிறது. அம்மா முகமூடி செய்தது, மல்லாந்து படுத்து அசையாமல் இருந்த ஒரு முகத்துக்கு. கண்டக்டருக்குச் செய்யவில்லை.

அதன் பிறகு அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. முகமூடியை மாட்டியதும் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு ஜோக் சொல்வாள். அவர்கள் சிரிக்கும்போது அவள் சிரிக்க மாட்டாள். கன்னத்தையே பார்ப்பாள். இடிக்கிற இடத்தை ஊதாப் பென்சிலால் குறிப்பாள், அரத்தால் தேய்ப்பாள், மறுபடி மாட்டுவாள், இன்னொரு ஜோக். "சிரிச்சா இடிக்குதா?" என்பதற்கு "இல்லை" என்று பதில் வருகிறவரை யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

ஜோக்குகள் எல்லாம் என்னைப் பற்றித்தான். இது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அதில் புகழ்பெற்றது குழாய் ஜோக்.

"எங்க வீட்ல ஒரு இன்ஜினியர் இருக்கான். சமையல்கட்டுல குழாய் ஒழுகுதுடான்னேன். உக்காந்து அரை நாள் படம் வரைஞ்சான். அம்பு போட்டான், நம்பர் போட்டான். படத்தைக் கொண்டுபோய்க் குழாய்க்குக் கீழ வச்சுட்டு, அளவெடுக்க டேப்பைத் தேடப் போனான். இப்ப குழாயும் ஒழுகுது, படமும் ஊறிப்போச்சு."

அரை நாள் என்பது மிகை. மற்றதெல்லாம் நடந்ததுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, "குழாய் தம்பிதானே?" என்று கேட்டிருக்கிறார்.

சின்ன முகமூடியைத் தேய்த்துக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற லாண்டரியில் ஒரு பெண். பிரஸ் மெஷினின் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு இடது கன்னத்தில் அடித்துவிட்டது. காயம் கன்னத்திலிருந்து உதட்டோரம் வரை. முகமூடி நன்றாகத்தான் அமைந்தது. ஆனால் அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. முகமூடியோடு அம்மாவைப் பார்த்ததும் வீறிட்டு அழுதிருக்கிறது. பக்கத்தில் வர மாட்டேன் என்றிருக்கிறது. அன்றிலிருந்து குழந்தை தூங்கிய பிறகு மட்டும்தான் போட்டுக்கொள்கிறாள். லாண்டரிக்குப் பின்னறையிலேயே குடியிருப்பு, குழந்தை எந்நேரமும் காலடியில். ஆஸ்பத்திரிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

"போன வாரம் துணி போடற சாக்குல போய்ப் பாத்தேன். உதட்டோரம் லேசா மேல இழுக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப விட்டா வாய் கோணிக்கும். அப்புறம் கத்திதான். போடுன்னா, 'குழந்தை என்னைக் கண்டு ஓடுதுக்கா, அழகா இருந்து என்ன பண்ண'ங்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

"டாக்டர்கிட்ட சொல்லலாமே."

"டாக்டர் குழந்தைக்கு என்னடா மருந்து எழுதுவாரு?"

முகமூடியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அதான் இது. அதுக்கும் ஒண்ணு குடுத்துட்டா, அம்மாவும் பொண்ணும் ஒரு கட்சி. உன் கன்னம் உப்பியிருக்கறதால உள்ள இடம் தாராளம். எங்கயும் இடிக்காது. நீ சிரிச்சதுக்கு இன்னிக்குத்தான் பலன்."

"அந்தம்மாவுக்குக் குழாய் ஜோக் சொன்னியா?"

"சொன்னேன். மூஞ்சி துளிகூட அசையல. அவ சிரிச்சுப் பாக்கவே இல்லடா. எங்க இடிக்கும்னே தெரியாம அனுப்பியிருக்கேன். இத்தனை வருஷத்துல அவ ஒருத்திதான்."

ஓரத்தை மறுபடி உதட்டில் இழுத்துப் பார்த்தாள். "ம்," என்றாள். அதுதான் அவளுடைய நற்சான்றிதழ். வார் தைத்து, நாளைக்கு வேலை விட்டு வரும்போது கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

மறுநாள் காலை வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை வலிக்கிறது என்றாள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு செருப்பு காலில் மாட்டியிருந்தது, ஒன்று வாசலில் கிடந்தது.

எல்லாம் ஆன பிறகு, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவள் கைப்பையைத் திறந்தேன். பஸ் பாஸ், மூக்குக்கண்ணாடிக் கூடு, ஊதாப் பென்சில், ஒரு சின்ன அரம், துண்டில் சுற்றிய முகமூடி. வார் ஒரு பக்கம்தான் தைத்திருந்தது. மறுபக்கம் ஊசி குத்தியபடியே இருந்தது.

மிச்சத்தைத் தைத்தேன். அவள் தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருந்தது. என்னுடையது அப்படி இல்லை. இழுத்துப் பார்த்தேன், தாங்கும்.

லாண்டரிக்குள் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. வட்டக் கதவுக்குப் பின்னால் யாருடைய வெள்ளைச் சட்டைகளோ சுழன்றுகொண்டிருந்தன. அந்தப் பெண் கவுன்ட்டருக்குப் பின்னால் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஆளைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை இடது கன்னத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"துணி எங்க?"

"துணி இல்லக்கா. ஆஸ்பத்திரில மாஸ்க் செய்யறவங்க... அவங்க பையன்."

"மாஸ்க் அக்கா பையனா?" என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "போடறேன், போடறேன்னு அக்காகிட்ட சொல்லுங்க தம்பி. திட்டறதுக்கு ஆளும் அனுப்பறாங்களா?"

"உங்களுக்கு இல்லக்கா. பாப்பாவுக்கு ஒண்ணு குடுக்கணும்."

துணி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் கீழே உட்கார்ந்து துண்டைப் பிரித்தேன். குழந்தை வந்து வாங்கிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. தலைகீழாக வைத்துக்கொண்டது. நான் திருப்பி வைத்து வாரை மாட்டினேன். உள்ளே இடம் தாராளமாகத்தான் இருந்தது. என் கன்னங்களுக்குள் அதன் கன்னங்கள்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு ஓடியது. நான் அழுகையை எதிர்பார்த்தேன்.

திரும்பி அம்மாவைப் பார்த்து, "உன்னோடது எங்க?" என்றது.

அவர் கையிலிருந்த விரிப்பைக் கவுன்ட்டரில் வைத்தார். பிறகு உள்ளே போய், அலமாரி மேலிருந்து பெரியதை எடுத்து வந்தார். போட்டுக்கொண்டார். கன்னத்துச் சிவப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மெல்ல வெளுத்தது. குழந்தை கிட்ட வந்தது. அவர் குனிந்தார். அது தன் நெற்றியால் அவர் நெற்றியை முட்டியது. டொக் என்று சத்தம். மறுபடி முட்டியது.

"போதும்டி," என்றார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தக் குழாய் சரியாயிடுச்சா?"

"இல்லக்கா. இன்னும் ஒழுகுது."

"படம்?"

"படம் காஞ்சிடுச்சு."

அவர் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார், குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டது. நான் சிரிக்கவில்லை. கன்னத்தைப் பார்த்தேன். இடது எலும்புக்குக் கீழே கன்னம் ஏறி, முகமூடியின் ஓரம் ஒரு கோடாகப் பதிந்தது.

அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க இடிக்குது தம்பி. அக்கா அன்னிக்குத் திரும்பத் திரும்பக் கேட்டாங்க, அப்ப எனக்குத் தெரியல. நாளைக்கு ஒரு நடை வரச் சொல்றீங்களா? அவங்க வந்தா ரெண்டு நிமிஷ வேலை."

குழந்தை மறுபடி கண்ணாடிக்குப் போயிருந்தது. நான் கொண்டுவந்திருந்த அம்மாவின் கைப்பையைத் திறந்து ஊதாப் பென்சிலை எடுத்தேன்.

"கொஞ்சம் அசையாம இருங்கக்கா," என்றேன்.

முதலில் இடத்தைக் குறித்தேன்.