தலைவர் ஏலத்துக்கு வந்த ஞாயிறு

பிரவீனாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் பஸ்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அவள் என் பஸ்ஸை மறித்துத்தான் எனக்கு அறிமுகமானாள். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறேன். அப்போதெல்லாம் வடக்குப்பட்டுப் பக்கத்துப் பெண்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவோம். ஊருக்குள் திரும்பினால் டீசல் வீண் என்பது மேலே இருப்பவர்களின் கணக்கு. ஒருநாள் ஒரு பெண் இறங்கி, நேராக பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். ஹாரன் அடித்தேன், அசையவில்லை.

"ஊருக்குள்ள வுடு, நவுர்றேன்" என்றாள்.

அன்றைக்கு உள்ளே திரும்பிய பஸ் இன்றைக்கும் திரும்புகிறது. நானும் அந்த ஊருக்கே மாப்பிள்ளையாகி அங்கேயே தங்கிவிட்டேன். பிரவீனா இப்போது லைன் லீடர். சூப்பர்வைசர்கள் அவளிடம் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். வீட்டில் நானும் அப்படித்தான்.

எங்கள் ஊர் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். இப்போது ஊரில் விளைவது ஒன்றுமில்லை, ஆனாலும் பண்டிகையை விடவில்லை. ஒரகடம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கின பூசணிக்காயை ஸ்டிக்கரோடு கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே வைப்பார்கள். ஏலத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. எடுத்தவர் மனசு வந்தால், பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைச் சபைக்கே திருப்பித் தருவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே வாழைத்தார் இப்படிப் பல கை மாறி, கடைசியில் கறுத்துப்போய் யார் வீட்டுக்காவது போகும்.

ஏலத்துக்கு முன்னால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம். போன முறை நாடகம் பாதியில் இருக்கும்போதே ஜனங்கள் எழுந்து பிரியாணி வரிசைக்குப் போய்விட்டார்கள். இந்த முறை நாடகப் பொறுப்பு பிரவீனாவிடம் வந்தது. எழுந்து போக முடியாத ஒரு நாடகம் போடுகிறேன் என்றாள். ஏரிக்கரையில் இருக்கிற விலங்குகள் ஒன்று சேர்ந்து, அங்கே மனை போட வரும் புரமோட்டரை விரட்டுகிற காமெடி.

எழுதுவதற்கு முன் என் பஸ்ஸில் விசாரணை நடத்தினாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஒவ்வொரு சீட்டாகப் போய், இப்படி ஒரு கதை என்றால் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேட்டாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சந்திரலேகா கறாராகச் சொன்னாள்.

"யக்கா, மிருகம் ஒண்ணுகூட சாவக் கூடாது பாத்துக்கோங்க. எங்க ஊரு நாடகத்துல ஒரு மாடு செத்துப்போச்சின்னு எங்கம்ம ராத்திரி சோறே திங்கல."

கேன்டீன் முனியம்மாளுக்கு வேறு கவலை. "வில்லன் ரொம்ப கெட்டவனா இருந்தா புள்ளைங்க பயந்துக்கும்மா. கேணயனா இருக்கணும். பாத்தாலே சிரிப்பு வரணும்."

கண்ணாடியில் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் புரமோட்டர் வேஷம் எனக்கு வந்தது.

ஆனால் எல்லாரும் சொன்ன கடைசி வார்த்தை ஒன்றுதான். மிருகம் ஜெயிக்கணும். அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

சிக்கலும் அங்கேதான் வந்தது. பண்டிகைக்குப் பந்தலும் மைக்செட்டும் பிரியாணியும் தந்தவர் ரத்தினம் அண்ணன். பக்கத்து ஊர்க்காரர், நிஜமான மனை புரமோட்டர். சபையின் பொருளாளர் அப்பாவு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா பிரவீனா, ஜனங்க குடும்பத்தோட வர்றாங்க. சிரிச்சிட்டு, சாப்ட்டுட்டு, வூட்டுக்குப் போவணும். கடைசில அந்தப் புரமோட்டரும் மிருகங்களும் கைகுலுக்கிக்கினா இன்னா கொறஞ்சிடும்? லேஅவுட்ல ஒரு பார்க்கு வுட்டுட்டாருன்னு முடிச்சுடு."

"அண்ணே, கொழந்தைங்கள கூட்டிகினு மிருகக் கத பாக்க வர்றவங்க எதுக்கு வர்றாங்க? மிருகம் ஜெயிக்கிறத பாக்க. பார்க்குல பெஞ்சு போட்டத பாக்க யாரும் வரமாட்டாங்க."

"நம்ம ஊர்லயே பாதிப் பேரு நெலத்த வித்தவங்கதான? மனசு நோவும்ல?"

"வித்தவதான் எழுதறேன்" என்றாள். "முடிவ மாத்தணும்னா நாடகமே வாணாம். டான்ஸ் வச்சுக்கோங்க."

அப்பாவு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு, இவ்வளவு பிடிவாதம் எதற்கு, சிரிப்புக்கு ஒரு நாடகம்தானே என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நாம எதுலயும் ஜெயிக்கல சாம்சன். இதுலயாவது ஒண்ணு ஜெயிக்கட்டும்." மெயின் ரோட்டை ஒட்டி ரத்தினம் அண்ணன் போட்டிருக்கும் லேஅவுட்டில் முன்பாதி அவள் அப்பாவின் நிலம். அவள் பிளஸ் டூ படிக்கும்போது விற்றார்கள். பஸ் ஊருக்குள் திரும்பும் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் அவள் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை.

கடைசியில் போதகர்தான், பிள்ளைகள் ஒத்திகை பார்த்துவிட்டார்கள், நடக்கட்டும் என்றார்.

நாடகத்தில் விலங்குகள் யூனியன் வைத்திருந்தன. கொக்கு, உடும்பு, குரங்கு, பாம்பு எல்லாம் உறுப்பினர்கள், தலைவர் ஆடு. கொக்காக நடித்தவள் அறிவுமதி. அவள் அப்பா அய்யாத்துரை, ரத்தினம் அண்ணன் லேஅவுட்டில் வாட்ச்மேன். ஆடாக நடிக்க வேண்டிய இனியவனுக்குப் பண்டிகைக்கு முன்தினம் அம்மை போட்டுவிட்டது. வேறு பிள்ளைக்கு வசனம் சொல்லித்தர நேரமில்லை. பிரவீனா சுற்றிலும் பார்த்தாள். கோயில் வேப்பமரத்தில் ஒரு கறுப்புக் கிடா கட்டியிருந்தது. எதிர்வீட்டு ஞானம்மா, மகனுக்குக் கம்பெனியில் பர்மனென்ட் ஆனால் தருகிறேன் என்று பொருத்தனை செய்து, ஏலத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்த கிடா.

"இதுக்கு வசனமே வாணாம்" என்றாள் பிரவீனா.

ஏலத்துக்கு வந்த ஆட்டை மேடையேற்றுகிறோமே, பிறகு என்ன ஆகும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மதியம். பந்தல் நிறைந்திருந்தது. ரத்தினம் அண்ணன் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். நான் கூலிங் கிளாஸும் சாமந்தி மாலையுமாக மேடைக்கு வந்து, "வாங்க வாங்க, ஏசி வேன்ல இட்டாந்து, லன்ச்சும் போட்டு, மனை காட்றோம்" என்றதுமே கூட்டம் கைதட்டியது. ஊரில் பலபேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேனில் ஆள் ஏற்றிக் கமிஷன் வாங்கினவர்கள்தான். குரங்கு பிரியாணிப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பாம்பு மனைக்கல்லைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, "கார்னர் பிளாட்டு, நான் எப்பவோ புக் பண்ணிட்டேன்" என்றது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி வேலைநிறுத்த நோட்டீஸ் வாசித்தது.

பிறகு தலைவர் வந்தார். ஒத்திகையே இல்லாதவர். மேடையை ஒருமுறை பார்த்தார், என் கழுத்திலிருந்த சாமந்தியைப் பார்த்தார், வந்து கடித்தார். நான் மாலையை இழுத்தேன், அவரும் இழுத்தார். நான் பின்னால் போக, அவர் முன்னங்காலை என் வயிற்றில் வைத்து ஏற, நான் மேடையை விட்டே விழுந்தேன். எழுதினது ஒரு முடிவு, நடந்தது அதைவிட நல்ல முடிவு. ஜனங்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். "தலைவர் வாழ்க" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பிரியாணி வரிசைக்கு ஒருவர்கூடப் போகவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தேன். பிரவீனாவின் முகம் வாடியிருந்தது.

"சூப்பர்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்கு இன்னா?"

"எல்லாரையும் விட ரத்தினம் அண்ணன்தான் ஜாஸ்தி சிரிச்சாரு" என்றாள். "அவருக்கு ஒண்ணுமே உறைக்கல."

அதற்குள் ஏலம் ஆரம்பித்துவிட்டது. அப்பாவு அண்ணன் மைக்கைப் பிடித்து பூசணிக்காய், கேக், வாழைத்தார் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிட்டு, கிடாவை மேடைக்கு இழுத்து வந்தார். ரத்தினம் அண்ணன் எழுந்து ஒரே வாயில் பெரிய தொகையாகச் சொன்னார். மேலே கேட்க ஆளில்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

ரத்தினம் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு நம்ம புது சைட் தொறப்பு. தலைவர் பிரியாணி. எல்லாரும் வந்துருங்க!"

சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சற்று முன் எழுந்து நின்று கைதட்டின அதே ஜனங்கள் ஆட்டையே பார்த்தார்கள். கொக்கு முதலில் அழுதது. பிறகு உடும்பு, குரங்கு, பாம்பு எல்லாம் வேஷத்தோடு மேடையேறி ஆட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. ஞானம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரவீனா மேடையேறி அப்பாவு அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ரத்தினம் அண்ணே, ஏலத்துல நீங்க எடுத்துட்டீங்க, அது உங்குளுதுதான். ஆனா நம்ம சபையில ஒரு வழக்கம் கீது. சபைக்கே திருப்பிக் குடுங்கண்ணே."

"குடுங்க, குடுங்க" என்று பின்வரிசையில், நாடகம் பார்க்க வந்திருந்த சந்திரலேகாவின் குரல். பிறகு பந்தல் முழுக்க அதே சத்தம். ரத்தினம் அண்ணன் நாலு பக்கமும் பார்த்தார். நாளைக்கு மனை வாங்க வேண்டியவர்கள் எல்லாம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். "சரி, சபைக்கே" என்று கையை உதறினார்.

மறுபடி ஏலம். தண்டலத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி எடுத்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்த பார்வையில் உடனே திருப்பிக் கொடுத்தார். பிறகு போதகர் எடுத்தார், திருப்பினார். ஞானம்மாவின் மகன் எடுத்தான், திருப்பினான். தலைவரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிற ஆள்தான் இனி இந்த ஊருக்கு வில்லன் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் அப்பாவு அண்ணன் தொண்டை வறளக் கூவினார், கேட்க ஆளே இல்லை.

"நான் எடுக்குறேன். வளக்க" என்றாள் பிரவீனா, தன் கையிலிருந்த பணத்தைச் சொல்லி. போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. பந்தலே கைதட்டியது. இந்த முறை ரத்தினம் அண்ணன் தட்டவில்லை. அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

கயிறு என் கையில் வந்தது. ஜெயித்த ஆட்டுக்கு ஊரில் மேய இடம் எங்கே என்ற கேள்வி மறுநாள் காலையில்தான் வந்தது. தலைவர் எங்களைக் கேட்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக மெயின் ரோட்டு லேஅவுட்டுக்குள் போய்விட்டார். புல் இருந்தது அங்கேதான். வாட்ச்மேன் அய்யாத்துரை கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாராம். யார் என்று பார்த்ததும் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ் அந்த வளைவுக்கு வந்தபோது, "நிறுத்து" என்றாள் பிரவீனா. இறங்கினாள். கேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே நடந்தாள்.

மற்றவர்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் போனேன். மனைக்கல்லுக்கு மனைக்கல் தாவி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பிரவீனா ஒரு கல்லின்மேல், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் காலை நன்றாக ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவுமில்லை.

"இன்னா, வூட்டுக்கு வர்லயா?" என்றேன்.

"தலைவர் இன்னும் சாப்ட்டு முடிக்கல" என்றாள். "நீயும் உக்காரு."