பறக்கும் பாம்பும் மண்டோரின் தீர்ப்பும்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் தற்காலிக ஆசிரியை. வயது இருபது. அனுபவம் குறைவு, கோபம் அதிகம்.

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைப் பட்டணத்துத் தியேட்டருக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டும் படத்தைத் தவிர வேறெதுவும் பார்த்திராதவர்கள். தோட்டத்துத் துரை ஒரு சனிக்கிழமை காலைக்கு லாரி தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரே லாரி, ஒரே நடை. தியேட்டரில் ஓடியது ஓர் இங்கிலீஷ் படம். இளவரசன், மந்திரவாதி, தீ கக்கிக்கொண்டு பறக்கும் ராட்சதப் பாம்பு.

சந்தைக்குப் போன ஒரு தாய் தியேட்டர் வாசலில் இருந்த விளம்பரத் தட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான், பெற்றோர் கூட்டம் கூடிவிட்டது. பாம்பு தீ கக்குவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிடியில் இருக்கும் பெண்ணுக்குத் துணி போதவில்லை என்பதுதான் வாதம்.

"இதெல்லாம் பிள்ளைங்க பாக்குற படமா டீச்சர்?" என்று அந்தத் தாய் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார். நானே எடுத்த படம் போல.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவரான மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, ஞாயிற்றுக்கிழமை போய்ப் படத்தைப் பார்க்க வேண்டும். திங்கள் காலை பெரட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரம். அங்கே மண்டோர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அவருக்கு இங்கிலீஷ் விளங்காது என்பதால் துணைக்கு நான். அவர் என் அப்பாவின் பழைய கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுவேன். நாலு பேருக்கு முன்னால் என்னை டீச்சர் என்பார், தனியே 'ஏ புள்ள'.

ஞாயிறு வரும்வரை என் மேசையில் கொய்யாவும் ஜம்புப் பழமும் குவிந்தன. எல்லாம் பிள்ளைகள் கொடுத்த லஞ்சம். வேண்டாம் என்று தீர்ப்பு வந்தால் இந்த முகங்களை எப்படிப் பார்ப்பது?

தியேட்டரில் ஒரு சதித்திட்டத்தோடுதான் உட்கார்ந்தேன். துணி குறைந்த பெண் வரும்போதெல்லாம் மாமாவின் கவனத்தைத் திருப்ப வேண்டும். முதல்முறை கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். இரண்டாம் முறை கைப்பையைக் கீழே போட்டுவிட்டுத் தேடச் சொன்னேன். மூன்றாம் முறை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பாம்பு இளவரசனைக் குகைக்குள் மடக்கியிருந்தது.

மாமா எழுந்து நின்று, "டேய், பின்னால! பின்னால பாருடா!" என்று கத்தினார். பின்வரிசைச் சீனர் ஒருவர் "டுடோக் லா!" என்று அவரை உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார். இளவரசனின் கையிலிருந்து வாள் நழுவியது. மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"முனியாண்டி! அந்தப் பையன காப்பாத்து. ஒனக்கு ஒரு சேவல் தாரேன்!"

இளவரசன் பிழைத்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் மாமா என் பக்கம் சாய்ந்தார். பிறகு மெதுவாக, "ஏ புள்ள, இது பிள்ளைங்களுக்கு வேணாம்" என்றார்.

"ஏன் மாமா? அந்தப் பொண்ணாலயா?"

"எந்தப் பொண்ணு?"

நான் அவசரமாகக் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"என் நெஞ்சே இன்னும் அடங்கல. சின்னதுங்க எப்படித் தாங்கும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன மாசம் முனியாண்டி பூசையில கெடா வெட்டினீங்களே, இதே பிள்ளைங்கதான் முன்வரிசையில நின்னுச்சு. ஒண்ணு கூட கண்ண மூடல."

"அது சாமி காரியம். இது சும்மா படம்லா."

"சும்மா படத்துக்கு எதுக்கு மாமா சேவல் நேர்ந்தீங்க?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வாய்க்கொழுப்பால் காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

திங்கள் காலை பெயர் கூப்பிட்டு முடித்ததும் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "படம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார். இளவரசன் குதிரை ஏறியதைச் சொன்னார். மந்திரவாதி சிரித்ததைச் சிரித்தே காட்டினார். பாம்பு வந்த இடத்தில் இரண்டு கைகளையும் றெக்கையாக விரித்துக்கொண்டு வரிசைக்குள் புகுந்துவிட்டார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து கத்தும்வரை ஒருவரும் மரம் சீவப் போகவில்லை.

"பிள்ளைங்க பாக்கலாம்" என்றார் கடைசியில், என் பக்கம் திரும்பாமல். "அவன் சாக மாட்டான்னு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சேவலும் அந்த வாரமே முனியாண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் லாரி நிறைந்து கிடக்கிறது. எல்லாம் பெரியவர்கள். துணி போதவில்லை என்று வாதாடிய அந்தத் தாய் பவுடர் பூசிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கீழே நின்றார்கள். சின்னவர்கள் சிலர் அழத் தொடங்கிவிட்டார்கள்.

"நாங்க கூட இருந்தா அதுங்களுக்குத் தைரியமா இருக்கும்லா" என்றார் அந்தத் தாய்.

நான் போட்ட கூச்சலுக்கு ஒருவரும் அசையவில்லை. சலவைச் சட்டையோடு மாமாவும் உள்ளேதான் இருந்தார். என்னைப் பார்த்தார். அழுகிற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கீழே குதித்து, பெரட்டுக் குரலில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒரு பிள்ளை ஏற, ஒரு பெரியவர் இறங்கினார். அந்தக் குரலுக்கு எங்கள் தோட்டத்தில் யாரும் முரண்டு பிடித்ததில்லை. கடைசிப் பிள்ளை ஏறியபோது அவருக்கே இடமில்லை.

"பரவால்ல, நாந்தான் பாத்துட்டேனே" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தியேட்டரில் பாம்பு வந்ததும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஒருவர்கூடப் பயப்படவில்லை.

மத்தியானம் லாரி திரும்பியபோது மாமா அதே சலவைச் சட்டையில் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் இறங்கி ஓடும்வரை பொறுத்திருந்தார். பிறகு என் அருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த வாட்டியும் பொழைச்சிட்டானா?"

"பொழைச்சிட்டான் மாமா" என்றேன். அப்புறம்தான் அவர் வீட்டுக்குப் போனார்.