எங்கள் வீடு மஹாலாக இருந்த எட்டு மாதங்கள்

என் காதைக் குத்தியதால் எங்கள் வீட்டு வரி ஏறியது என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் யாரும் நம்புவதில்லை. காதுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். நடுவில் என் தாய்மாமா இருக்கிறார் என்று சொன்னதும் மதுரைப் பக்கத்து ஆட்கள் மட்டும் புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. காது குத்துவதற்கு அது பிந்திய வயதுதான். ஆனையூரில் அப்பா வாங்கிப் போட்டிருந்த இடத்தில் வீடு எழும்பட்டும், சொந்த வீட்டில் வைத்தே குத்திக்கொள்ளலாம் என்று அம்மா பிடிவாதமாக இருந்துவிட்டாள். அப்பா நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர். அவர் சம்பளத்தில் வீடு எழும்பிய வேகத்துக்கு, என் கல்யாணத்தன்றுதான் காது குத்தியிருக்க முடியும். நல்லவேளை, கடன் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி, மாடியில் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை. வெளிச்சுவர் பூசுவதற்குள் காசு தீர்ந்துவிட்டதால் பூசாமலேயே பால் காய்ச்சிக் குடியேறினோம்.

காதணி விழா என்றால் எங்கள் பக்கம் அது தாய்மாமாவின் விழா. பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும். சீர் அவருடையது, அதனால் அன்றைக்குச் சட்டமும் அவருடையது. என் மாமா அம்மாவுக்கு மூத்தவர். காளவாசலில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பத்திரிகை அடிக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார். அச்சாகி வந்த கட்டைப் பிரித்துப் பார்த்தால், ‘இடம்’ என்பதற்கு நேராக எங்கள் குலசாமி பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மஹால்’. கீழே எங்கள் வீட்டு முகவரி.

“இது எந்த மஹாலு மச்சான்?” என்று அப்பா கேட்டார்.

“நம்ம மாடிதான் மாப்ள. மொட்ட மாடின்னு போட்டா நல்லாவா இருக்கு?”

பத்திரிகையோடு மாமா நிற்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு பிரியும் முக்கில் ஒரு பிளக்ஸ் வைத்தார். அதில் நான் பட்டுப் பாவாடையில் இருந்தேன், மாமா கூலிங் கிளாஸில் இருந்தார், எங்களுக்குப் பின்னால் எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு வெள்ளை மாளிகை இருந்தது. அடியில் மஹாலின் பெயரும், வழி காட்ட ஒரு அம்புக்குறியும். அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் சிலர் பூசாத சுவரைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய், அடுத்த தெருவில் விசாரித்துத் திரும்பி வந்தார்கள்.

நான் மட்டும் முழுசாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பத்திரிகை கொடுக்கும்போது, எங்கள் வீடு மஹால் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னேன். நான் சொன்னால் நம்புவார்கள், ஏனென்றால் நான் வகுப்புத் தலைவி. மிஸ் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. நெருங்கிய தோழி பெயரையும் எழுதுவேன். உண்மை என்றால் உண்மை, அதில் ஆள் பார்க்கக் கூடாது என்பது அந்த வயதில் என் கொள்கை. எவ்வளவு சகிக்க முடியாத பிள்ளையாக இருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

விழா ஜோராக நடந்தது. நான் மாமாவின் சட்டையைக் கண்ணீராலும் மூக்காலும் நனைத்தேன். முந்நூறு பேர் மாடியில் கறிச்சோறு சாப்பிட்டார்கள். அதற்காக மாமா வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் மாடியிலேயே அடுக்கிக் கிடந்தன. அடுத்த மாதம் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்திக்கு வளைகாப்பு வைக்க இடம் கேட்டார்கள். அம்மா காசு வாங்காமல் மாடியைக் கொடுத்தாள். நாற்காலியும் இலவசம். முக்கில் நின்ற பிளக்ஸை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் புது பில் கலெக்டர் வரி போட வீடு வீடாக அளந்துகொண்டு வந்தார். முக்கில் பிளக்ஸைப் பார்த்தார், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், அம்புக்குறி காட்டிய வழியிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து மாடியேறினார். தகரக் கூரையையும் நாற்காலிகளையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“மேல விசேஷமெல்லாம் நடக்குமாம்மா?”

புது வீட்டை யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் அம்மா. “நடக்கும்ங்க. இப்பக்கூட முந்நூறு பேரு சாப்பிட்டுப் போனாக.”

“வெளியாளு கேட்டாலும் குடுப்பீங்களா?”

“கேட்டா குடுக்குறதுதானங்க. போன வாரம்கூட ஒரு வளைகாப்பு நடந்துச்சு.”

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். மிச்சமிருந்த பத்திரிகையில் ஒன்றையும் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. எங்கள் வீடு, வாடகைக்கு விடப்படும் விசேஷ மண்டபம் என்று பதிவாகியிருந்தது. வணிகக் கட்டட வரி. பழைய வரியைப்போல ஒன்பது மடங்கு. அப்பா அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். கடனுக்கு மாதாமாதம் கட்டுவதுபோக எங்களுக்கு மிஞ்சியது சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருந்தது.

“இது இப்படியே நின்னுச்சுன்னா வீட்ட வித்துட்டு மறுபடி வாடகைக்குத்தான் போகணும்” என்றார் அப்பா. அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பில் கலெக்டர் மேல் எங்களுக்குக் கோபம்கூட வரவில்லை. அவராக எதையும் எழுதவில்லையே, நாங்கள் சொன்னதைத்தானே எழுதியிருந்தார்.

அப்பா மேல்முறையீடு செய்தார். பழைய வரி ரசீது, பிளான் அனுமதி, வீட்டு இணைப்பு என்று போட்டிருக்கும் கரண்ட் பில் அட்டை, மாடியின் நாலு பக்கப் போட்டோ என்று ஒரு ஃபைல் கட்டினார். நூலகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான் சார். ஆனா ஒங்க பத்திரிகைலயே மஹால்னு இருக்கு. அத யாரு போட்டா, எதுக்குப் போட்டாங்கன்னு மனுல எழுதிக் குடுங்க. மேலதிகாரி நேர்ல வந்து பாப்பாங்க” என்றாராம்.

அப்பா இரண்டு நாள் யோசித்துத்தான் அதை எழுதினார். எழுதி மேஜைமேல் வைத்திருந்ததை நான் எடுத்துப் படித்தேன். ‘என் மகளின் காதணி விழா ஊராருக்குப் பெருமையாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில், என் வீட்டு மொட்டை மாடியை மஹால் என்று நானே அச்சிடக் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது. மன்னிக்கவும்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அப்பா பொய் எழுதியிருக்கிறார், அதுவும் அரசாங்கத்துக்கு, கீழே கையெழுத்தும் போட்டு. அம்மாவிடம் கேட்டேன். “ஒஞ்சோலியப் பாருடி. மாமாட்ட போய் இதச் சொன்ன, தோல உரிச்சுப்புடுவேன்” என்றாள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளில் வீட்டில் காலையிலேயே சண்டை. வீடு எவ்வளவுக்கு எவ்வளவு எளிமையாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அப்பாவின் கட்சி. அம்மாவால் அது முடியவில்லை. விடியுமுன்பே வாசலை அடைத்துக் கோலம் போட்டு, புதுத் திரைச்சீலை மாட்டி, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டாள்.

“வரியக் குறைக்க வாராகடி, பொண்ணு பாக்க வரல” என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இது போதாதென்று மாமாவும் வந்து சேர்ந்தார். அதிகாரி வருகிறார் என்பதுமட்டும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. வெள்ளை வேட்டி சட்டை, கையில் குளிர்பானப் பாட்டில்கள். தங்கை வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷர் வருகிறபோது தான் இல்லாமல் எப்படி என்பது அவர் கணக்கு. அப்பா முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனாலும் வாங்க மச்சான் என்றுதான் சொன்னார்.

வந்த அதிகாரி ஒரு அம்மா. பருத்திச் சேலை, கையில் குடை, மூக்கின் நுனியில் கண்ணாடி. எங்கள் கணக்கு மிஸ்ஸைப் போலவே இருந்தார். கூட வந்தவர் டேப் பிடிக்க, மாடியை நீளம் அகலம் பார்த்தார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். கூரையின் ஒரு மூலையில் அம்மா காயவைத்திருந்த மிளகாய் வற்றலையும், கொடியில் தொங்கிய என் பள்ளிச் சீருடையையும் பார்த்தார்.

“தூணு, மேடை எதுவும் காணோமேப்பா. என்ன மஹாலு இது?” என்று கூட வந்தவரிடம் சிரித்தார். எங்களுக்கும் உயிர் வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து, அப்பா எழுதியதைச் சத்தமாகப் படித்தார். ‘நானே அச்சிடக் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது.’

மாமா பாட்டில் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பெருமைக்காகவா போட்டீங்க?” என்று அந்த அம்மா அப்பாவைக் கேட்டார்.

“ஆமாங்க மேடம். புத்தி கெட்டுப் போட்டுட்டேன்.”

வகுப்புத் தலைவிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. “அப்பா போடல மிஸ். மாமாதான் போட்டாரு” என்றேன். விரலை நீட்டி ஆளையும் காட்டினேன்.

அம்மா என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். அதிகாரி பேனாவை மூடினார். “அப்ப மனுல எழுதுனது பொய்யா சார்? பொய் எழுதுனா மனுவையே தள்ளுபடி பண்ணலாம், தெரியுமா?” வீடு போச்சு என்று அம்மா முகத்தில் எழுதியிருந்தது.

மாமா பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். “புள்ள சொல்றதுதான் நெசம்மா. இது மஹாலும் இல்ல, மண்ணும் இல்ல. நான்தான் பவுசுக்குப் போட்டேன். மாப்ள எனக்காக எழுதியிருக்காரு, இப்பத்தான் எனக்கே தெரியும். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”

அதிகாரி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். மாமாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாற்காலியை மேஜையாக வைத்து, முட்டி போட்டு, அப்பா எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினார். “காது குத்துக்கே மஹால்னா, பொண்ணு கல்யாணத்துக்கு என்னன்னு போடுவீங்க?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வரி பழைய அளவுக்கே குறைந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முறைப்படி கடிதம் வர இன்னும் சில மாதங்கள் ஆனது, அவ்வளவுதான். இன்றைக்கும் அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், சுவரும் பூசியாகிவிட்டது.

நான் கல்லூரி போன பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு அவளைக் கொடுக்கச் சொந்தத்தில் ஒருத்தருக்கும் சம்மதமில்லையாம். குடியிருக்க ஒரு குச்சுகூட இல்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்று சபையிலேயே கேட்டார்களாம், அப்பாவும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே. ‘பத்து வருசத்துல எந்தங்கச்சி சொந்த வீட்ல இருப்பா’ என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துக் கல்யாணத்தை முடித்து வைத்தவர் மாமா. வீடு கட்டி முடிந்தது ஒன்பதாவது வருஷம். மஹால் என்று போட்டது அந்த ஆட்கள் படிப்பதற்காகத்தான். அது அப்பாவுக்கு முதல் நாளே தெரியும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அதிகாரி போனதும், உண்மை பேசியதற்கு யாராவது பாராட்டுவார்கள் என்று மாடியிலேயே காத்து நின்றேன். யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. மாமா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். அப்பா போய்ப் பக்கத்தில் நின்றார். “எதுக்கு மாப்ள ஒம்பேர எழுதுன?” என்றார் மாமா. “விடுங்க மச்சான்” என்றார் அப்பா. மாமாவின் முதுகு குலுங்குவதைப் பார்த்து, சிரிக்கிறார் என்று நினைத்து முன்னால் போய்ப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

கீழே இறங்கி அம்மாவிடம் ஓடினேன். “பொய் சொன்னது அப்பாதானம்மா? மாமா எதுக்கு அழுகுறாரு?” என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றி என் கையில் கொடுத்தாள். “ரெண்டு பேருக்கும் கொண்டு போய்க் குடு. வாயத் தொறக்காமக் குடுத்துட்டு வா” என்றாள். தப்பைத் தொடங்கி வைத்தவர் மாமாதான் என்பதால் காப்பியை முதலில் அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அதை வாங்கி மாமாவிடம் கொடுத்தார். நான் இரண்டாவது தம்ளரை வைத்துக்கொண்டு, இவர்களுக்கு நியாயம் என்பதே தெரியாது என்று எரிச்சலோடு நின்றேன்.