மூன்று அறைகளில் ஜூடித்

விவேக் நகரில் மழைக்கு முன்னால் ஒரு வெளிச்சம் விழும். மங்கிய மஞ்சள் நிறத்தில், யாரோ தூக்கத்தில் காணும் வெளிச்சம் போல. அந்த நேரத்தில் ஆட்டோக்களின் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் ஜூடித், நெடுநாளைக்குப் பிறகு, தன் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள்.

அவள் கணவர் ஓஸ்வால்ட்டுக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. அவருக்குக் குரல் கிடையாது. கோயிலில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். ஆனால் கடவுள் காதைக் கொடுத்திருந்தார். முதல் சம்பளத்திலிருந்தே கேசட்டாக, பிறகு சிடியாக வாங்கிக் குவித்து, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்திருந்தார். நாற்பதாயிரத்தை நெருங்கும் பாட்டுகள். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பழைய லேப்டாப் மூடியபடி கிடக்கும். அதுதான் வீட்டின் மியூசிக் சர்வர். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பால்கனியில் ஒன்று என மூன்று ஸ்பீக்கர்கள். கைபேசியைத் தொட்டால் எந்த அறையில் எது வேண்டுமோ அது பாடும்.

இவ்வளவு பாட்டு சேர்ந்துவிட்டால் சர்வர் திணறும். ஒரே பாடகரின் பெயரை நாலு விதமாக எழுதியிருந்தால் நாலு மனிதர்களாகக் காட்டும். ஒரே ஆல்பம் பத்துத் துண்டாகிக் கிடக்கும். பெயரில்லாதவை எல்லாம் ஒரு மூலையில் அநாதைகள் போல நிற்கும். வேலை முடிந்து வந்த மாலைகளில் ஓஸ்வால்ட் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளைத் தாயிடம் சேர்க்கும் நிம்மதி அவர் முகத்தில் இருக்கும்.

"என் பிளவுஸ் அலமாரிய ஒரு நாளாச்சும் இப்படி அடுக்கி இருக்கீங்களா?" என்பாள் ஜூடித். கிசுகிசுப்பாகத்தான் சொல்வாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் கிசுகிசுப்பு மட்டும்தான்.

ஒரு காலத்தில் கோயிலின் பாடற்குழு மொத்தமும் அவள் கையில் இருந்தது. எல்லோருக்கும் அவள் டீச்சர். குழுவில் யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு புதுப் பாட்டையும் அவளே மூன்று முறை பாடிப் பதிவு செய்வாள். முதலில் மெட்டைச் சுமக்கும் முதல் குரல், அடுத்து ஆண்களுக்கான டெனர், கடைசியில் எப்போதும் இரண்டாம் குரல். ஹெட்ஃபோனில் ஒரே கீபோர்டு இசையைக் கேட்டுக்கொண்டு பாடுவதால் மூன்றும் ஒரே நீளத்தில் இருக்கும். தொடங்கும் முன் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் நாலு தட்டு தட்டுவாள். பிறகு அவரவர் பகுதியை அவரவர் கைபேசிக்கு அனுப்பிவிடுவாள்.

பிறகு அவள் கழுத்தில் வந்த தைராய்டு கட்டியை அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். குரல் நரம்பு மட்டும் ஓய்ந்துபோனது. வீட்டுக்கு வந்த அன்று, "என் பாட்டு எதையும் இங்க போடாதீங்க" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். ஓஸ்வால்ட் போடவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் சர்வரில் பத்திரமாகத் தூங்குகின்றன என்ற நினைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் அவர் பெரிய சுத்தம் செய்தார். ஒரே பாட்டு பல சிடிகளில் வந்து சர்வர் நிரம்பி வழிந்தது. தலைப்பும் நீளமும் ஒன்றாக இருந்தால் கடைசியாகச் சேர்ந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடு என்று மென்பொருளுக்குச் சொன்னார். அது காட்டிய வரிசையில் முதல் சில பக்கங்களைப் பார்த்தார். எல்லாம் சினிமாப் பாட்டு. மீதிக்கும் சம்மதம் கொடுத்தார். பேக்கப் டிஸ்கும் அதைப் பார்த்து அப்படியே தன்னைச் சுத்தம் செய்துகொண்டது.

"ஏங்க" என்றாள் ஜூடித், பால்கனிக் கதவருகே நின்று. "அந்த மாதா பாட்டப் போடுங்க. நான் மெட்டுப் போட்டது."

ஓஸ்வால்ட் கையிலிருந்த காபி அப்படியே நின்றது. "திடீர்னு என்ன, ஜூடி?"

"காலைல பூசைல கேத்தரின் பாடுனா. நடுவுல ஒரு எடத்துல இறக்கிப் பாடுறா. நான் அங்க ஏத்துனேனா இறக்குனேனான்னு யோசிச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. என் மெட்டு எனக்கே மறக்குதுங்க."

அவர் கைபேசியைத் தொட்டார். டம்ளரில் நாலு தட்டு. பிறகு, அந்தக் குரல். தேன் நிறத்தில் ஒரு குரல் ஹால் முழுவதும் பரவியது. ஜூடித் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் திறந்தாள்.

"இது செகண்ட் வாய்ஸ். ஃபர்ஸ்ட் போடுங்க."

அவர் தேடினார். மாதா பாட்டு ஒன்றுதான் இருந்தது. மற்றப் பாட்டுகளும் ஒவ்வொன்றுதான். எல்லாவற்றிலும் அவள் கடைசியாகப் பாடிய இரண்டாம் குரல் மட்டும். புரிந்தபோது அவருக்குக் காது அடைத்தது.

"டூப்ளிகேட்டுனு நெனச்சு அழிச்சிருச்சு, ஜூடி."

"யாரு?"

"நான்தான். நான்தான் ஓகே குடுத்தேன்."

ஜூடித் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூணும் ஒரே ஆளுதானே. அதுக்கு என்ன தெரியும்" என்றாள். மழை தொடங்கியது. கொடியில் காய்ந்த துணி நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம். மெழுகுவத்திப் புகையில் முகங்கள் மிதந்தன. ஓஸ்வால்ட் வாசலில் காத்திருந்து, முதல் குரல் பாடும் கேத்தரினையும் டெனர் பாடும் க்ளென்னையும் பிடித்தார். விஷயத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

"அங்கிள், அழாதீங்க. பூ விக்கிறவங்க பாக்குறாங்க" என்றான் க்ளென். "டெனர் பூரா என்கிட்ட இருக்கு. ஃபோன் தினமும் எடமில்ல எடமில்லன்னு கத்துது. டீச்சர் வாய்ஸ அழிக்க மனசு வரல, சும்மா வச்சிருந்தேன்."

"இவன் பொண்டாட்டி ஃபோட்டோவ அழிச்சிட்டு டீச்சர வச்சிருக்கான், அங்கிள்" என்றாள் கேத்தரின். பிறகு அவள் முகம் மாறியது. "என்கிட்டயும் நெறைய இருக்கு. ஆனா மாதா பாட்டு பழைய ஃபோன்ல இருந்துச்சு. அது தண்ணில விழுந்து செத்துப்போச்சு."

முதல் குரல் பாடிய மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தாயிற்று. யாரிடமும் இல்லை.

சனிக்கிழமை மாலை மறுபடி அந்த மஞ்சள் வெளிச்சம் வந்தது. "எல்லாம் கெடச்சிருச்சு, ஜூடி. நீ கேட்டது மட்டும் கெடைக்கல" என்றார் ஓஸ்வால்ட். "இருக்குறதக் கேளேன்."

ஹாலில் இரண்டாம் குரலை வைத்தார். பால்கனியில் டெனர். சமையலறை ஸ்பீக்கர் மட்டும் சும்மா இருந்தது. அதன் அருகில் ஜூடித் நின்றாள். இரண்டு அறைகளில் இரண்டு டம்ளர்கள் ஒரே நேரத்தில் நாலு தட்டு தட்டின. இரண்டு ஜூடித்கள் பாடத் தொடங்கினார்கள். நடுவில் ஒருத்திக்கு இடம் விட்டு, அவள் வருவாள் என்று நம்பிப் பாடுவது போலிருந்தது.

சந்தேகப்பட்ட இடம் வந்தது. பால்கனியில் டெனர் மெல்ல இறங்கியது. ஹாலில் இரண்டாம் குரல் அசையாமல் நின்றது. ஜூடித்தின் முகம் நிமிர்ந்தது. அவளுக்கே தெரியாமல் உதடு பிரிந்து காற்று வந்தது. காற்றுக்குள் நூல் போல ஒரு சத்தம். அது மேலே ஏறியது. கீறியது. மறுபடி ஏறியது.

பாட்டு முடிந்தபோது அவள் கன்னமெல்லாம் ஈரம்.

"ஏத்தித்தாங்க" என்றாள். "கேத்தரின் தப்பு. நாளைக்கே சொல்லணும்."

"எப்படிச் சொல்லுவ?"

ஜூடித் யோசித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து டம்ளரும் கரண்டியும் எடுத்தாள். "ரெக்கார்டு பண்ணுங்க. நல்லா இல்லன்னு யாராச்சும் சொன்னா உங்கள உதைப்பேன்."

ஹெட்ஃபோனை மாட்டி, மற்ற இரண்டு குரல்களையும் கேட்டுக்கொண்டே பாடினாள். பாதி இடங்களில் குரலே இல்லை, மூச்சு மட்டும். மெட்டு மட்டும் ஒரு இடத்திலும் வழி தவறவில்லை.

அழிக்கும் விதியை நீக்கிவிட்டுத்தான் ஓஸ்வால்ட் அதைச் சர்வரில் ஏற்றினார். அதே தலைப்பு, அதே நீளம். சமையலறை ஸ்பீக்கருக்கு அனுப்பினார்.

மூன்று அறைகளிலும் கரண்டி தட்டியது. மூன்று ஜூடித்களுக்கும் நடுவில், கோயிலில் நிற்பது போலவே, ஓஸ்வால்ட் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்.