யூகெத்தின் மூக்கும் இரண்டு விடிவிளக்குகளும்

தலையில் சாயம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓட முடியாது. யூகெத் அந்த நேரம் பார்த்துத்தான் வாசனைத் தைலம் தொட்ட இரண்டு காகிதக் கீற்றுகளை எடுத்து வருவாள். இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று.

"கண்ணை மூடு. வாயையும் மூடு. மூக்கை மட்டும் தொற."

கிராஸ் ஊரில் எல்லாருக்கும் மூக்கு உண்டு. யூகெத்துக்கு மட்டும் அது ஒரு பதவி. வாசனைத் தைலம் கலந்தே பிழைக்கும் ஊர் அது. மே மாதத்து ரோஜா வண்டிகள் மேடேறும்போது தெருநாய்கள்கூட வரிசையாகத் தும்மும். அவள் என்னவோ பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடுகிறவள்தான். ஆனாலும் அவள் கடைவாசலில் வந்து நின்றால், எதிர்வீட்டுப் பூனை முந்தின நாள் எங்கே மீன் திருடியது என்பதைத் தானாகவே ஒப்புக்கொண்டுவிடும் என்று சந்தைச் சதுக்கத்தில் சொல்வார்கள். ஒரு மனிதரின் சட்டைக் காலரைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே முகர்ந்து, அவரை விவாகரத்து வரை கொண்டுபோய் விட்டாள் என்பதும் அதே சதுக்கத்துக் கதை. யூகெத் இரண்டையும் மறுத்ததில்லை.

இடக்கைக் கீற்றில் இருப்பது 'விடிவிளக்கு' என்ற பழைய வாசனைத் தைலம். அவள் பிறப்பதற்கு முன்பே ஊரிலிருந்த ஒரு நிறுவனம் செய்தது. கல்யாணத்தன்று மாமியார் கொடுத்த போத்தலில் இன்னும் மூன்று விரல் மிச்சம் இருக்கிறது. கடைக்கண்ணாடிக்கு மேல், ஜன்னல் வெயில் முகத்தில் விழ, முடி உலர்த்தும் இயந்திரங்களின் அனல் முதுகில் விழ, மாதா சிலைக்கு அடுத்த மரியாதையோடு அது வீற்றிருந்தது. வலக்கைக் கீற்றில் புதிய 'விடிவிளக்கு'. அதே நிறுவனம், அதே பெயர். இந்தக் காலத்துப் பெண்களுக்கென்று போன வருடம் மாற்றிச் செய்து வெளியிட்டது.

"இதுல ஆழம் இருக்கு பாரு," என்று இடக்கையை ஆட்டுவாள். "எரிஞ்ச சர்க்கரை, பழைய அலமாரி, தோல் கையுறை. இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தி உள்ள வந்தா நாற்காலியே எழுந்து நிக்கும்." பிறகு வலக்கை. "இப்ப இது. எலுமிச்சைத் தோலு! பாத்திரம் கழுவுன தண்ணி! எவளோ ஒருத்தி ராணியைக் கூட்டிட்டு வந்து அண்டா தேய்க்க விட்டிருக்கா."

எவளோ ஒருத்தி இல்லை. அதைச் செய்தவள் சொலேன். யூகெத்தின் உயிர்த்தோழி நிக்கோலின் மகள். 'அத்தை, அத்தை' என்று இதே கடையில் சீப்புகளை வைத்து விளையாடி வளர்ந்தவள். அது யூகெத்துக்குத் தெரியாததல்ல, வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு ருசி.

மாதம் ஒருமுறை நிக்கோலும் அதே நாற்காலியில் சாயத்தோடு உட்காருவாள். கீற்றுகள் வரும், அண்டா வரும், கடையே சிரிக்கும். நிக்கோலும் சிரிப்பாள். "அவளைக் காய்கறி வாங்க அனுப்புனாலே எலுமிச்சம்பழம்தான்டி வாங்கிட்டு வருவா," என்று தானும் ஒன்றைச் சேர்ப்பாள். முகம் சிரிக்கும், கழுத்து விறைத்திருக்கும். நாற்பது வருடமாக அந்தக் கழுத்தில் துண்டு சுற்றியவள் யூகெத். கைக்குத் தெரிந்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிரிப்பலை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

மே மாதம் அந்த நிறுவனம் கதவைத் திறந்து ஊராரை அழைத்தது: பழைய விடிவிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்கலாம். யூகெத் கடையைப் பூட்டினாள். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் போத்தலை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே அவளுடைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் சொலேன் வெள்ளை அங்கியில் நின்றாள். முன்வரிசையில் நிக்கோல், யூகெத் கையால் முந்தின நாள்தான் அலங்கரித்த தலையோடு.

"வாங்க அத்தை," என்றாள் சொலேன்.

"அத்தையெல்லாம் அப்புறம். அதைக் குடு."

சொலேன் முதலில் நீட்டிய கீற்றை, எது என்று கேட்காமலே வாங்கினாள். ஒருமுறைதான் முகர்ந்தாள். கூட்டத்தின் பக்கம் திரும்பி அதைக் கொடிபோல் உயர்த்தினாள்.

"சொன்னேனா இல்லையா? பாத்திரம் கழுவுன தண்ணி! எலுமிச்சைத் தோலு மூஞ்சியில அறையுது! நம்ம ஊர் மானத்தைப் போத்தல்ல அடைச்சு விக்கிறாங்க!"

கூட்டம் சிரித்தது. சொலேன் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அத்தை, அது பழசு."

"எது பழசு?"

"உங்க கையில இருக்கறது. அந்தக் காலத்துச் செய்முறையை அப்படியே வச்சு, போன வாரம் புதுசாக் கலந்தது. அந்த எலுமிச்சைத் தோல் வாசம் முதல்லேர்ந்தே இருக்கு அத்தை. எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான், அதனால தொடாம விட்டேன். புதுசுல, அடியில இருந்த மரப்பாசி வாசத்தைத்தான் கொறைச்சேன். அதுக்குத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

யூகெத் துணியைப் பிரித்தாள். போத்தலை மேசைமேல் வைத்தாள். "அப்ப இது என்னவாம்?"

சொலேன் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். கண் ஒரு நொடி தாழ்ந்தது. வெயிலும் அனலும் சேர்ந்தால் தைலம் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். முதலில் சாவது மேலே மிதக்கும் பழத்தோல் வாசம், பிறகு பூக்கள், கடைசியில் மிஞ்சுவது கருகிய இனிப்பு. அவள் மூடியை மெதுவாகத் திருகினாள்.

"இந்தப் போத்தல் அத்தையோட கூடவே வாழ்ந்தது," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இதை இந்த மேசையில வச்சு எடைபோடறது நியாயமில்ல." இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

'கெட்டுப்போச்சு' என்று சொல்லியிருந்தால் யூகெத் சண்டையாவது போட்டிருப்பாள். கொடுத்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கெட்டுப்போனதற்குத்தான் அவள் இத்தனை நாளும் ஆழம் என்று பெயர் வைத்திருந்தாள். கல்யாண நாளின் வாசம் எலுமிச்சைத் தோலோடுதான் இருந்திருக்கும். தினம் தினம் முகர்ந்ததில் போத்தலோடு சேர்ந்து நினைவும் திரிந்துவிட்டது.

நிக்கோல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் யூகெத்தின் அருகில் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீ பேசினதை விடு. நான் கூடச் சேந்து சிரிச்சேன் பாரு. என்னைத்தான் செருப்பால அடிக்கணும்."

அதன்பின் போத்தல் சீப்பு வைக்கும் இழுப்பறைக்குள் போனது. கீற்றுகள் வெளியே வரவில்லை. "என்ன மதாம் யூகெத், இன்னைக்கு மூக்குப் பரீட்சை இல்லையா?" என்று சாயத் தலைகள் கேட்டன. "சளி," என்றாள். ஜூன் மாதம் முழுக்கச் சளி. சதுக்கத்தில் கதை வளர்ந்தது: போத்தலைத் திறந்ததும் மூன்று பேர் மயங்கி விழுந்தார்களாம், பாதிரியார் ஓடிவந்தாராம். யூகெத் இதையும் மறுக்கவில்லை. மறுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்தது அதைவிட மோசம்.

நிக்கோலின் தெருவைத் தவிர்க்க மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நிக்கோல் வரவேண்டிய நாள் வந்தது, போனது. கீழ்த்தெருவில் புதிதாகத் திறந்த கடையில் எவளோ ஒருத்தி அந்தத் தலையில் கை வைப்பதை நினைக்கும்போதெல்லாம் யூகெத்தின் காது மடல்கள் சுட்டன. கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடைக்கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பாள். பாதியில், கண்ணாடிக்குள் இருக்கிறவளைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிடுவாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சந்தையில், ரொட்டிக்காரியின் மேசை முன் ஒரு வரிசை. ஆரஞ்சுப்பூ நீர் ஊற்றிச் சுட்ட ரொட்டிக்கு எப்போதும் உள்ள வரிசைதான். அதன் முன்னால் ஒரு தலை. வகிட்டின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதற்குக் கீழே யூகெத் மே மாதம் போட்ட சாயம், அப்படியே. கீழ்த்தெருக் கடைக்கும் போகவில்லை. வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை.

நிக்கோல் திரும்பினாள். பக்கத்தில் சொலேன்.

"என்னடி பாக்குற? வெள்ளை முடி பாத்ததில்லையா?"

சொல்லிப் பழகியதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. யூகெத் கூடையைத் தரையில் வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். மணிக்கட்டைத் திருப்பிச் சொலேனிடம் நீட்டினாள்.

"பையில வச்சிருப்பல்ல. போடு."

சொலேன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரொட்டியைப் பார்த்தாள். சொலேன் புதிய விடிவிளக்கின் சின்னக் குப்பியை எடுத்து, அந்த மணிக்கட்டில் ஒரு தடவை அழுத்தினாள்.

யூகெத் அதை முகர்ந்து பார்க்கவில்லை. ஈரக் கையை ரொட்டிகளுக்கு மேலாக, ரொட்டிக்காரியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. நம்ம நிக்கோல் பொண்ணு செஞ்சது."

பிறகு வரிசையில் அடுத்தவளுக்கு. அதற்கும் அடுத்தவளுக்கு. முகத்தை மட்டும் கீரைக்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டு, யார் குனிந்து முகர்கிறார்கள் என்று பாராமல், கையை நீட்டியபடியே வரிசையின் கடைசி வரை நடந்தாள்.