மோட்டார் முறையும் எஸ்பிரசோ மெஷினும்

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் மூன்று இறக்கைகளையும் தனித்தனியே பார்க்க முடிந்தது. சமையலறை மேசைமேல் புது எஸ்பிரசோ மெஷின் பளபளத்தது. பிளக்கைச் செருகி வெகுநேரமாகியும் அதன் நீராவிக் குழாயிலிருந்து ஒரு பெருமூச்சுகூட வரவில்லை. கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜியை முடித்துவிட்டார்கள். இனி காபிதான். வாசற்படியில் நின்ற வீட்டுக்காரர் முனிரத்தினம், மெஷினை விற்ற கடை முழுவதும் நான் ஒருத்திதான் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இயற்பியலில் பட்டம் பெற்று, ஆசிரியர் பணிக்காக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். குக்கர், கேஸ் அடுப்பு, மிக்ஸி ஆகியவற்றை வாங்கியவர்களின் வீட்டுக்குப் பேருந்தில் போய், அவற்றைக் கையாளும் விதத்தைச் செய்து காட்டுவது என் வேலை. சுற்று வட்டாரக் கிராமங்களில் எனக்கு ‘டெமோ டீச்சர்’ என்று பெயர். இன்று சாதனங்கள் விற்கும் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. முதலில், அந்த மெஷின் முனிரத்தினத்தின் ஊரான மானாம்பதிக்குப் போன கதை.

1. கடையில்

முனிரத்தினமும் அவர் மனைவி பத்மாவதியும் கடைக்கு வந்தபோது, எந்தப் பொருள் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. அவர்கள் மகள் கோமதியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறார்கள். முன்பு வந்த ஓர் இடம் தட்டிப்போயிருந்ததால், இந்த முறை எதிலும் குறை வைக்கக்கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். கல்யாண மண்டபங்களில் புஸ்ஸென்று நுரை பொங்கப் போட்டுத் தருகிறார்களே, அந்தக் காபி தம் வீட்டிலேயே போடப்படவேண்டும்.

எங்களிடம் மூன்று வகை இருந்தன. அடுப்பின்மேல் வைக்கும் அலுமினிய வகையில் டிகாக்‌ஷன் நன்றாக இறங்கும். பாலை நுரைக்கவைக்க வழி கிடையாது. மின்சார வகையில் இரண்டும் நடக்கும். ஆனால் ஒரு தடவைக்கு நான்கு டம்ளருக்குமேல் தேறாது, அடுத்த தடவைக்குத் தண்ணீர் ஊற்றி மீண்டும் சூடேற்றவேண்டும். மூன்றாவது மெஷினே அல்ல. குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் ஒரு பைப். திருகைத் திறந்தால் நீராவி வரும், டம்ளரில் பாலும் இன்ஸ்டன்ட் காபித் தூளும் போட்டு நுரைத்துக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு நாள் பலருக்குக் காபி போடும் வீட்டுக்கு அதுவே போதும் என்று சொன்னேன்.

“அவங்க மெட்ராஸ்ல கீறவங்கம்மா” என்றார் முனிரத்தினம். “குக்கர்ல ஓஸ் பைப்பு மாட்டிக்கினு காபி போட்டா, பொண்ணு பார்க்க வந்தோமா, பம்புசெட்டு பார்க்க வந்தோமான்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே” என்றார் பத்மாவதி. “காபி வாய்க்குள்ள போவுதா, கண்ணுக்குள்ள போவுதா?”

“நீ சும்மா இரு.”

முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்: “சார் ஆசப்பட்டுக் கேக்கறாரு, எடுத்துக் குடு டீச்சர். நீ இன்னாத்துக்கு இங்க வாத்தியார் வேல பண்ணிக்கினு கீற?”

மின்சார வகையை எடுத்து வைத்தபடி, ஊரில் வோல்டேஜ் எப்படி என்று கேட்டேன். டியூப் லைட் பட்டென்று எரியும் என்றார் அவர். “எல்லா நேரமுமா?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் முதலாளி அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்கியிருந்தார்.

2. ஆறிய பால்

டெமோவுக்கு ஒரு காலையில் போனேன். மெஷின் சரியாகச் சூடேறியது, நீராவி சீறியது, பால் மட்டும் நுரைக்கவில்லை. கொதித்துப் பொங்கி மேசையில் வழிந்தது.

“இன்னாம்மா, பாம்பு மாதிரி சீறுது, நுரையக் காணோம்?” என்றார் முனிரத்தினம்.

பாலைத் தொட்டுப் பார்த்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் பால் அடுப்பிலேயே, ஆடை கட்டி, கொதிநிலையிலேயே இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த மெஷினுக்கு அது ஆகாது. பால் குளிர்ச்சியிலிருந்து சூடாகிற இடைவெளியில்தான் நீராவி அதில் காற்றைப் பிடித்துவைக்க முடியும். முன்பே சூடான பாலில் அந்த இடைவெளி இல்லை. காய்ச்சிய பாலை ஆறவைத்து, பாத்திரத்தோடு தண்ணீரில் இறக்கி, குளிர்ந்த பிறகே பைப்பின்கீழ் பிடிக்கவேண்டும் என்றேன்.

“நல்லா கீதே கத! காச்சி, ஆறவச்சி, மறுபடி காச்சறதா? ஆறிப்போன பால ஊத்தறாங்கன்னு ஊரே பேசும்” என்றார் பத்மாவதி. ஆனாலும் செய்து பார்த்தார். இரண்டாம் தடவை டம்ளருக்குமேல் நுரை எழுந்து நின்றது. அவர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது மேலுதட்டில் வெள்ளைக்கோடு.

“அம்மா, நைனா ஷேவிங் பண்ணிக்கினு வர மாதிரியே கீற” என்று கோமதி சிரித்தாள். வீடே சிரித்தது. அந்த நிமிடத்தில் அந்த மெஷின்மேல் எனக்கும் நம்பிக்கை வந்தது.

3. அதே கம்பியில்

பெண் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்து உதவும்படி பத்மாவதி கேட்டுக்கொண்டதால் மதியப் பேருந்தில் போனேன். மாலை ராகு காலத்துக்குமுன் விருந்தினர் காபி குடித்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். அதற்குள்தான் முதலில் சொன்ன நிலைமை வந்துசேர்ந்தது.

கொல்லைக் கதவைத் திறந்தவுடன் காரணம் காதில் விழுந்தது. நாலாபக்கமும் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு ஒரு ஃபேஸ் போதும், மோட்டார் ஓட மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். அது நாளில் சில மணி நேரமே வரும். நான் டெமோ காட்டிய வாரத்தில் அது இரவில் வந்துகொண்டிருந்தது. இந்த வாரம் பிற்பகலுக்கு மாற்றியிருந்தார்கள். வந்தவுடன் ஊர் முழுவதும் மோட்டாரைப் போட்டுவிட, வீடுகளுக்கு வரும் வோல்டேஜ் சரிந்துவிட்டது.

விவரத்தைச் சொன்னேன். முனிரத்தினம் உடனே தம் மோட்டார்கள் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். விசிறி சற்றே வேகம் பிடித்தது, மெஷின் அசையவில்லை. அவர் வீட்டுக்கு வரும் அதே கம்பியின் கடைசிக் கம்பத்தில் ஒரு கூட்டுக்கிணற்று மோட்டார் இருந்தது. பங்குக்காரர்கள் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் கிணறு. அன்றைய முறை அஞ்சலைக்கு உரியது. மற்ற நாட்களில் முனிரத்தினத்தின் நிலத்தில் கூலி வேலை செய்யும் அஞ்சலை, சிறிது கழனியை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து, நவரைப் பருவ நெல் நட்டிருந்தாள்.

முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

4. ஒரு கேள்வி

அஞ்சலை மண்வெட்டியோடு மடையில் நின்றிருந்தாள்.

“அஞ்சல, மோட்டாரக் கொஞ்சம் நிறுத்து. வூட்ல காபி மெஷினு சூடாவ மாட்டேங்குது.”

“காபி மெஷினுக்கும் என் மோட்டாருக்கும் இன்னா சம்மந்தம் நைனா? அதுவும் தண்ணி எறைக்குதா?”

“வெளயாடாத. கோமதியப் பார்க்க வந்து கீறாங்க.”

அஞ்சலையின் முகம் மாறியது. “கோமதிக்கா? மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்றபடி மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தாள். ஸ்டார்ட்டரில் கை வைத்தவள், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“டீச்சரம்மா, எவ்ளோ நேரம் ஆவும்? கதிரு பால் புடிக்கிற சமயம். மேல் கயனி நெனஞ்சிச்சி, கீழ் கயனி வெடிச்சிக் கீது பாரு. இன்னிக்கி வுட்டா, அடுத்த முற வரச்சொல்ல எல்லாம் பதராத்தான் நிக்கும்.”

“தோ, பத்து நிமிசம்” என்றார் முனிரத்தினம். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். ஆனால் அஞ்சலை இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடை எனக்குத் தெரியும். ஒரு தடவைக்கு நான்கு டம்ளர். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் போட்டு முடிக்க எத்தனை தடவை தண்ணீர் ஊற்றிச் சூடேற்றவேண்டும் என்று கணக்கிட்டால், மூன்று ஃபேஸ் மின்சாரம் அதற்குள் போய்விடும். நான் “ஆமாம்” என்று தலையசைத்தால் அவள் அணைத்துவிடுவாள். அணைத்தபிறகு அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அளக்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நல்ல வாடிக்கையாளர் கடைக்கு இல்லாமல் போகலாம். கடை எனக்கு இல்லாமல் போகலாம். இன்னொரு பக்கம், கூடத்தில் பட்டுப்புடவையில் காத்திருக்கும் ஒரு பெண். இவற்றையெல்லாம் எடைபோட்டேன். ஆனால் ஒரு காபிக்கு மாற்று வழி உண்டு. கீழ்க் கழனிக்கு அன்று வேறு தண்ணீர் கிடையாது.

“பத்து நிமிஷத்துல ஆகாது அஞ்சலை. எல்லாருக்கும் போட்டு முடிக்கறதுக்குள்ள மூணு ஃபேஸ் போயிடும்” என்றேன்.

முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். “நீ யாரு கடைல வேல செய்யற?”

“உங்களுக்கு மெஷின் வித்த கடையிலதாங்க. உங்க கேஸ் அடுப்பையும் பெரிய குக்கரையும் குடுங்க. டெமோ பையில அந்த பைப் இருக்கு. ராகு காலத்துக்கு முன்னாடி காபி கூடத்துக்கு வந்துடும்.”

அவர் பார்வை கீழ்க் கழனியில் போய் நின்றது. அங்கே வெடிப்புக்கு நடுவே கதிர்கள் தலைசாயத் தொடங்கியிருந்தன. வாழ்நாள் முழுவதும் நெல்லைப் பார்த்தவர். அந்தப் பயிரின் நிறம் சொல்வதைப் படிக்க அவருக்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை.

“ஓட்டு, ஓட்டு. கை எடு அதுலேர்ந்து” என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

5. பம்புசெட்டு காபி

பத்மாவதி பாலை முன்பே காய்ச்சி, ஆறவைத்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்திருந்தார். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த ஆறிய பால்தான். குக்கரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி மூடினேன். ஆவி சீராக வரத் தொடங்கியதும் பைப்பைப் பொருத்தி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக டம்ளர்கள் நுரைத்தன.

“வந்துடுச்சி பாரு பம்புசெட்டு” என்று பத்மாவதி கணவரைப் பார்த்துச் சொன்னபோது, வாசலில் நிழல் விழுந்தது. பையனின் அம்மா நின்றிருந்தார். குக்கரைப் பார்த்தார்; மேசைமேல் சும்மா இருந்த மெஷினைப் பார்த்தார்.

“மெஷின் அங்க இருக்கு. காபி இங்க போடறீங்க?”

முனிரத்தினம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கயனிக்குத் தண்ணி பாயுதுங்க. மோட்டாரு ஓடச்சொல்ல அது சூடாவாது.”

“எங்க தெருவுல மாவு மில்லு ஓடினா எங்க மிக்ஸியும் இப்படித்தான் முனகும்” என்றார் அந்த அம்மாள், ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டே. “இந்தப் பைப்பு எந்தக் கடையில விக்கறாங்க?”

கோமதிக்கு அந்த இடமே அமைந்தது. காபியால் அல்ல, ஜாதகத்தால் என்று பின்னாளில் பத்மாவதி சொன்னார்.

விருந்தினர் புறப்பட்டபின் பத்மாவதி, அவர்களுக்கு வைத்த அதே எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றில் காபி நுரைக்கவைத்து என்னிடம் நீட்டினார்: “அஞ்சலைக்குக் குடுத்துட்டு வந்துடும்மா.”

அஞ்சலை டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். “இன்னாம்மா, பாதி டம்ளரு காத்தா கீது?”

“அந்தக் காத்துக்குத்தான் இவ்ளோ பாடு.”

“இதுக்கா என் மோட்டார நிறுத்தச் சொன்னாரு?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவள் குடித்து முடிக்கும்முன் மோட்டார் தானாக நின்றது. மூன்று ஃபேஸ் போய்விட்டது. வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர் கீழ்க் கழனியின் கோடி வரப்பைத் தொட்டு நின்றதை இருவரும் பார்த்தோம். அந்த அமைதியில் வீட்டுப் பக்கமிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீற்றம். மெஷினின் பிளக்கை யாரும் பிடுங்கியிருக்கவில்லை.

“டீச்சர்! சூடாயிடுச்சி டீச்சர்!” என்று கொல்லைக் கதவிலிருந்து முனிரத்தினம் கத்தினார். “இப்ப யாருக்கும்மா காபி போடறது?”

மெஷினை அவர் திருப்பித் தரவில்லை. மழைக்காலத்தில், மோட்டார்களுக்கு வேலையில்லாத நாட்களில், அந்த வீட்டில் அது நன்றாகவே உழைத்தது. ஆசிரியர் வேலை கிடைத்துக் கடையைவிட்டு வரும்வரை, மின்சாரத்தில் சூடாகும் எதை விற்கும்போதும், “உங்க ஊர்ல மூணு ஃபேஸ் எப்ப வருது? உங்க கம்பியில யார் யார் மோட்டார் ஓடுது?” என்று கேட்பது என் வழக்கமாயிற்று. முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே கல்லாவிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

நீங்கள் விற்கப்போகும் சாதனங்கள் வேறு. கம்பிகளும் வேறாக இருக்கலாம். ஆனால் “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று உங்களிடம் கேட்பவர் எப்போதும் பொருளை வாங்கியவராகவே இருக்கமாட்டார். ஸ்டார்ட்டரில் கை வைத்தபடி நிற்பவராகவும் இருக்கலாம். அவருக்கும் சரியான விடையைச் சொல்லுங்கள்.